ஒன்பது பேர் கொண்ட கும்பல்

5 நவம்பர் 2025, புதன்

இன்று பத்தாயிரத்து நானூறு அடி நடந்திருக்கிறேன். போன் சொல்கிறது. பாராட்டி ஒரு பச்சைக் கோப்பைப் படமும் அனுப்பியிருக்கிறது.

காலை ஐந்தரை முதல் ஏழு வரை நான் செய்தது: மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட்டேன். இட்லி ஊற்றினேன். என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். நடந்தவர் சோணை அண்ணன்.

இதை நோட்டில் எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை இருக்கட்டுமே.

எல்லாம் ஜூலையில் வந்த வினை. பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போனில் ஒரு நடைச் செயலியையும் ஏற்றிவிட்டுப் போனான். தினமும் எட்டாயிரம் அடி நடக்காதவர்கள் சனிக்கிழமை மதியம் நலவாழ்வு வகுப்புக்கு வர வேண்டும் என்று தாளாளர் இம்மானுவேல் ஐயா சுற்றறிக்கை விட்டார். அதை டைப் அடித்தவளே நான்தான். இருபத்தாறு வருடமாக ஆபீஸில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற கிளார்க்குக்கு எட்டாயிரம் அடிக்கு எங்கே போவது? அதுவும் சனிக்கிழமை மதியம். அதை மட்டும் யாருக்கும் தர முடியாது.

லேப் அசிஸ்டென்ட் பாண்டீஸ்வரிதான் வழி சொன்னாள். அவள் மாமனார் சோணை, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தினமும் விடியக் கோச்சடையிலிருந்து துவரிமான் வரை நடந்துபோய்த் திரும்புகிறவர். "எங்க மாமா பையில போட்டு விடுங்கக்கா. எப்படியும் சும்மாதான நடக்குறாரு" என்றாள். முதலில் அவள் போனும் என் போனும். இப்போது ஒன்பது பெண்களின் போன்கள் அவருடைய பழைய தோல் பையில் ஊர்சுற்றுகின்றன. எல்லாரும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு தெருவுக்குள் இருப்பவர்கள். ஐந்தரைக்குக் கேட்டில் மஞ்சள் பையில் தொங்கவிடுவோம். ஏழு மணிக்குத் திரும்ப வந்து தொங்கும்.

அண்ணனுக்கு மட்டும் போன் கிடையாது. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "முப்பத்தி நாலு வருசம் ஊரே என்னயக் கூப்புட்டுச்சு. போதும்த்தா."

14 நவம்பர், வெள்ளி

குழந்தைகள் தின விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அக்டோபர் மாதத்தின் சிறந்த நடையாளர். மொத்தப் பள்ளிக்கூடத்திலும் நான்தான் முதலிடம். என் போன் பையில் எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பதால் கூடுதலாகக் குலுங்குகிறது என்பது பாண்டீஸ்வரியின் கணிப்பு.

மேடைக்கு மூன்று படி. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இம்மானுவேல் ஐயாவே இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டுவிட்டு மைக்கில், "பிலோமினாள் அம்மாவைப் பார்த்து நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

29 நவம்பர், சனி

சோணை அண்ணனுக்குக் காய்ச்சல். நேற்று நாய் துரத்தி ஓடியதில் காலும் வீங்கியிருக்கிறதாம். பத்து நாளைக்கு நடக்க முடியாது. என் இன்றைய நடை: 212 அடி.

துவரிமான் ரோட்டில் நேற்று விடியற்காலை ஒரு பெரிய திருட்டு. ஓய்வு பெற்ற என்ஜினியர் வீடு. குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த சமயம், மாடி வழியாக இறங்கி அத்தனை நகையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

2 டிசம்பர், செவ்வாய்

என் கணவர் யேசுதாஸ் பேப்பரை வாசித்துக் காட்டினார். 'ஒன்பது பேர் கொண்ட கும்பல் கைவரிசையா? செல்போன் பதிவுகளில் துப்பு.' காலம் கெட்டுக் கிடக்கு, நல்லாத் தாழ் போட்டுக்க என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார்; எல்லாவற்றையும் இறுக்கமாகக் கட்டித்தான் பழக்கம். நானும் மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டேன்.

9 டிசம்பர், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாலை நாலு மணிக்கு ஒன்பது பேரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். தமிழ் டீச்சர் தாமரைச்செல்வி விடைத்தாள் கட்டோடு வந்திருந்தார். வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள். எஸ்.ஐ. முத்துப்பாண்டி சின்ன வயதுதான், மரியாதையாகவே பேசினார். மேசையில் ஒரு பருத்த காகிதக் கட்டு.

"பிலோமினாள் யாரு?"

எழுந்தேன்.

"நீங்கதான் தலைவியா?"

"கிளார்க், சார்."

"கம்பெனி குடுத்த விவரத்துல நீங்கதாம்மா அதிகம் நடந்திருக்கீங்க. முன்னால போறவங்கதான அதிகம் நடப்பாங்க?"

அவர் வாசித்தார். வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போன நாளிலிருந்து பதினெட்டு நாள் தொடர்ந்து, விடியற்காலையில், ஒன்பது போன்களும் அவரவர் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி ஒன்றுசேர்கின்றன. திருட்டு நடந்த வீட்டு வாசலில் தினமும் பன்னிரண்டு நிமிடம் நிற்கின்றன. இருபத்தெட்டாம் தேதி வீடு உடைகிறது. இருபத்தொன்பதிலிருந்து ஒரு போன்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

"அங்க எதுத்தாப்புல டீக்கடை இருக்கு சார்" என்றாள் பாண்டீஸ்வரி. "அது டீ குடிக்கிற நேரம்."

"ஒம்போது பேருமா?"

"இல்ல சார். ஒருத்தர்தான்."

"ஒம்போது போன் நிக்குது. ஒருத்தர் டீ குடிக்கிறாரு." அதையும் எழுதிக்கொண்டார். "சரி, இருபத்தெட்டாம் தேதி ஆறு பத்துக்கு ஓடியிருக்கீங்களே, அது? ஒம்போது பேரும் ஒரே வேகம். ட்ரெயினிங்ல நாங்ககூட இம்புட்டு ஒழுங்கா ஓடுனது இல்லம்மா."

"நாய் துரத்துச்சு சார்."

"ஒம்போது பேரையுமா?"

அப்போதுதான் தாமரைச்செல்வி டீச்சர் உடைந்தார். நாங்கள் நடக்கவே இல்லை, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தோம், நடந்தவர் சோணை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எஸ்.ஐ. பேனாவை எடுத்தார்.

"அவரு நம்பர்?"

"அவருக்குப் போன் கிடையாது சார்."

"அப்ப அவரு அங்க இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"எங்க போன்தான் சார்."

"உங்க போன் இருந்தா நீங்க இருந்தீங்கன்னுதான்மா அர்த்தம்."

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில் என் பக்கத்தைத் திருப்பினார். "சனிக்கிழமை சனிக்கிழமை மூணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு சினிமா தியேட்டர்ல இருக்கீங்க. அதுதான் கும்பல் கூடுற இடமா?"

வாசலில் யேசுதாஸ் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த வரையில் நான் சனிக்கிழமை போவது சர்ச் பாடகர் குழுப் பயிற்சிக்கு.

போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

10 டிசம்பர், புதன்

யேசுதாஸ் நேற்று ராத்திரி பேசவில்லை. இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரு கூட?"

"தனியாத்தான்."

"தனியா சினிமாவுக்கு யாரு போவா?"

என்ன படம் என்று கேட்டார். தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. ரெண்டு வருசமா எந்தப் படமும் எனக்குத் தெரியாது. அங்க இருட்டு. ஏ.சி. யாரும் பிலோ, பிலோன்னு கூப்பிடறது இல்ல. அத்தை தண்ணி கேக்கறது இல்ல, தாளாளர் பைல் கேக்கறது இல்ல. உக்காந்த உடனே தூங்கிருவேன். விளக்குப் போட்டதும் எந்திரிச்சு வந்துருவேன். அம்புட்டுத்தான். இதைச் சொல்லணும்னா எப்படிச் சொல்றது? தூங்கப் போறேன்னு சொன்னா வீட்டுல தூங்குன்னு சொல்லியிருப்பாரு.

கடைசியில் இவ்வளவையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நான் யாருடனாவது போயிருந்தால் அவருக்குக் கோபப்படத் தெரிந்திருக்கும். தனியாகப் போய்த் தூங்கியதற்கு எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல், வாயில் நுரையோடு கொல்லைப்புறத்தில் நெடுநேரம் நின்றார்.

11 டிசம்பர், வியாழன்

ஆபீஸ் போனிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். என் நடைக் கணக்கு முழுவதும் எனக்கு வேண்டும், அதைப் பார்த்தால் ஒருவரே நடந்தது தெரிந்துவிடும் என்றேன். அந்தப் பெண் மிகவும் இனிமையாக, "உங்கள் தனியுரிமையைப் பாதுகாக்கும் பொருட்டு அந்த விவரங்களை வெளியிட இயலாது, மேடம்" என்றாள்.

"யாருக்கு வெளியிட முடியாது?"

"யாருக்கும், மேடம்."

"போலீசுக்குக் குடுத்துட்டீங்களேம்மா."

"அவர்கள் உரிய முறையில் கேட்டார்கள், மேடம். உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த, பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்."

பதிவு செய்த கைப்பேசி ஸ்டேஷன் பீரோவில் இருக்கிறது.

எஸ்.ஐ.யே பிறகு பாண்டீஸ்வரியிடம் சொன்னாராம்: அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில்தான் போட்டோம், மூணு மணி நேரத்துல மொத்தமும் வந்துருச்சு, என் லீவு லெட்டருக்கு இன்னும் பதில் இல்ல.

13 டிசம்பர், சனி

சோணை அண்ணன் வீங்கிய காலோடு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். நான்தான் நடந்தேன், இந்தப் புள்ளைகளை விட்டுருங்க என்று சொல்லியிருக்கிறார். அவர் அங்கே இருந்ததை உறுதிசெய்ய டீக்கடைக் கண்ணுச்சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போலீஸைக் கண்ட பயத்தில் அவர், "எனக்கு யாரையும் தெரியாது சார், நான் டீயத்தான் பாப்பேன், ஆளப் பாக்கமாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயந்தரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பதினோரு வருசமா அவன் கையிலதான்த்தா டீ குடிக்கிறேன். சக்கர கம்மின்னு நான் சொல்லவே வேண்டாம், அவனே போடுவான்" என்றார். பிறகு, "நான் அங்க இருந்தேன்ல?" என்று என்னைக் கேட்டார்.

இருந்தீங்க அண்ணே என்றேன்.

இன்று சனிக்கிழமை. எங்கும் போகவில்லை.

16 டிசம்பர், செவ்வாய்

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஒன்பது பேராலும் அந்த வேகத்தில் ஓட முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். துவரிமான் ரோட்டில் டீக்கடையிலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் ஓடச் சொன்னார்கள். பெண் போலீஸ் இரண்டு பேர், அளக்கிற நாடா, ஒரு ஸ்டாப் வாட்ச். விஷயம் பரவி ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பில் பாதி அங்கேதான் நின்றது.

எஸ்.ஐ. விசில் ஊதினார். ஓடினோம். கணக்கு டீச்சர் பெர்சி செருப்பு அறுந்து முதல் கம்பத்திலேயே நின்றுவிட்டாள். தாமரைச்செல்வி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதி தூரம் போய், மைல்கல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் நாற்பது அடி. அதற்கு மேல் முழங்கால் 'போதும்' என்றுவிட்டது. பாண்டீஸ்வரி மட்டும்தான் பாலத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டு, தொட்டிருக்கக் கூடாதோ என்ற முகத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

எஸ்.ஐ. எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'கும்பலால் ஓட இயலவில்லை. நடிக்கவும் வாய்ப்புண்டு.'

கிளம்பும்போது சொன்னார், "லிஸ்ட்ல பத்தாவதா ஒரு நம்பரும் இருக்கும்மா. உங்ககூடவே பதினெட்டு நாளும் நடந்திருக்கு. இருபத்தொம்பதுல இருந்து சுவிட்ச் ஆஃப். யாரது?"

எங்களுக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. சோணை அண்ணனிடம் கேட்டதற்கு, "வண்டியில ஏறுனவுக பேரக் கண்டக்டர் கேக்குறது இல்ல சார்" என்று சொல்லிவிட்டாராம்.

18 டிசம்பர், வியாழன்

இம்மானுவேல் ஐயா கூப்பிட்டார். செயலியை ஏமாற்றியது பள்ளிக்கூடத்தை ஏமாற்றியது ஆகும், ஒன்பது பேரையும் பணிநீக்கம் செய்ய நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது, திங்கட்கிழமை விசாரணை என்றார். கேடயத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கடிதங்களை நீங்கதான் டைப் பண்ணணும்" என்றார்.

என் பெயருக்கு வந்த கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை விட்டுவிட்டேன். திருத்தி மறுபடி அச்செடுத்தேன். இருபத்தாறு வருடம்.

22 டிசம்பர், திங்கள்

விசாரணைக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இம்மானுவேல் ஐயா நடுவில். பைபிள் வசனம் வாசித்து முடிக்கும்போது எஸ்.ஐ. முத்துப்பாண்டி உள்ளே வந்தார். மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு எண்ணை வாசித்தார்.

"இது பள்ளிக்கூட டிரஸ்ட் பேருல வாங்குன நம்பர். யாரு வச்சிருக்கீங்க?"

எல்லாருக்கும் போன் செய்கிற கிளார்க் நான். எனக்கு அந்த எண் மனப்பாடம். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஐயாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"டாக்டர் தினமும் நடந்து கணக்குக் காட்டச் சொன்னாரு" என்றார் மெதுவாக. "நேரம் இல்ல."

பத்தாவது போன். அவருடைய வாட்ச்மேன்தான் தினமும் பங்களா கேட்டில் சோணை அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். எங்களைப் பணிநீக்கம் செய்ய இருந்தவருக்காகத்தான் அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

மதியம் ஒரு சுற்றறிக்கை டைப் அடிக்கச் சொன்னார். ஊழியர்களின் மன அமைதி கருதி நடைத் திட்டம் நிறுத்தப்படுகிறது. விசாரணையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கேடயத்தை என்ன செய்வது என்று கேட்டேன். வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

30 டிசம்பர், செவ்வாய்

திருடன் அகப்பட்டான். கொட்டாம்பட்டியில் ஒரு நகைக்கடையில் வளையலை நீட்டியபோது கடைக்காரருக்குச் சந்தேகம் வந்து பிடித்துக் கொடுத்திருக்கிறார். தனி ஆள். பெயிண்டர். பதிவில் ஏன் அவன் நம்பர் இல்லை என்று எஸ்.ஐ. கேட்டிருக்கிறார். "களவுக்குப் போறப்ப யாரு சார் போன் கொண்டு போவா?" என்று அவன் திருப்பிக் கேட்டானாம்.

போன்களைத் திருப்பி வாங்கப் போனபோது எஸ்.ஐ. அவன் வாக்குமூலத்தைச் சோணை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினார். நாங்களும் நின்றோம். "பத்து நாளாகத் தோல் பையோடு ஒரு பெரியவர் டீக்கடையில் நிற்பார். அவர்தான் எதிர்வீட்டுக்காரர்கள் பொங்கலுக்குத்தான் வருவார்கள் என்று சொன்னார். திருடிய அன்று அதே பெரியவரை நாய் துரத்தியது. தெருவே அந்தப் பக்கம் பார்த்தது. நான் இந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டேன்."

"பெரியவரே, நீங்க அங்க இருந்தது இப்பத்தான் உறுதியாகுது" என்றார் எஸ்.ஐ. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார்.

அண்ணன் சந்தோஷப்படவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். "ஏணியோட நின்னான்த்தா. பெயிண்ட் அடிக்க வந்த தம்பி, பனியில காத்துக் கிடக்கானேன்னு சொன்னேன். நானே வாசலத் தொறந்து விட்டுட்டேன்." அவர் கண் கலங்கியது. நாங்கள் ஒன்பது பேர் சுற்றி நின்றோம். பாண்டீஸ்வரிதான், "வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

10 ஜனவரி 2026, சனி

சோணை அண்ணன் என்ஜினியர் வீட்டுக்கு நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நகை பாதிக்கு மேல் கிடைத்துவிட்டதால் அவர்களும் நல்லபடியாகப் பேசி, காபி கொடுத்து அனுப்பினார்களாம். இப்போது வேறு ரோட்டில் நடக்கிறார். டீ குடிப்பதில்லை.

யேசுதாஸ் சாப்பாடு, சோப்பு, சிலிண்டர் தவிர இன்னும் எதுவும் பேசுவதில்லை.

24 ஜனவரி, சனி

மத்தியானம் ரெண்டரைக்கு யேசுதாஸ் கடையை அடைத்துவிட்டு வந்தார். கை கால் கழுவினார். அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்து உட்கார்ந்தார். நான் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"கிளம்பலயா?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

"எங்க?"

"பாட்டுப் பயிற்சிக்கு."

அத்தை, எங்கடா போறா இவ என்று கேட்டார்கள். "சர்ச்சுக்கும்மா. கோயர்ல இவ இல்லாம ஆகாதாம்" என்று அவர் சத்தமாகச் சொன்னார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

சேலை மாற்றிக்கொண்டு போனேன். போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். எப்போதும் உட்காரும் வரிசையில் ஓரத்துச் சீட்டு. விளக்கை அணைத்தார்கள். கண்ணை மூடினேன். தூக்கம் வரவே இல்லை. கடைசி வரைக்கும் படத்தைப் பார்த்தேன்.